ரகசியப் பக்கத்து முத்திரை

போன மாதம் ஒரு பெரிய நூலகத்துக்கு என்னைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தி ஒரு கதவைக் காட்டினார்கள். கதவு என்று சொல்லக் கூடாது, இரண்டு கம்பம்தான். பதிவு செய்யாத புத்தகத்தோடு யாராவது அதைத் தாண்டினால் அது கத்துமாம். என்னோடு வந்த இளைய நூலகருக்கு அதில் அவ்வளவு பெருமை. ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாண்டிக் காட்டினார். அது கத்தியது. இன்னொரு முறை தாண்டினார். மறுபடியும் கத்தியது.

"உங்க காலத்துல திருட்டை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டும்" என்றார்.

திருடர்களை நான் பிடித்ததில்லை. என் கண் எதிரில் ஒருத்தியைப் பிடித்தார்கள். அதை எழுதுகிறேன். சுவாரசியம் போதவில்லை என்றால் மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

நான் ஐயங்கார்குளத்துப் பக்கம் தறி நெய்கிற வீட்டில் பிறந்தவன். தறிக் குழியில் இறங்குவதற்கு எனக்குச் சோம்பல். படிப்பில் ஆசை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சென்னையில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு படித்தேன். புத்தகங்களை எப்படி வகை பிரிப்பது என்று பாதி நாள், எப்படிப் பாதுகாப்பது என்று மீதி நாள். புத்தகத்தை மனிதர்களிடம் எப்படிக் கொடுப்பது என்பதற்கு மட்டும் பாடம் வைக்க மறந்துவிட்டார்கள். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலைக்குத்தான் எங்களைத் தயார்செய்தார்கள்.

வேலை கிடைத்தது உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய நெல் கிடங்கின் பின்பாதிதான் நூலகம். முன்பாதியில் உர மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எங்கள் புத்தகம் எதைப் பிரித்தாலும் யூரியா வாசனை வரும். எலிகளுக்கு உரம் பிடிக்காது, புத்தகம் பிடிக்கும். எழுபதுகளின் கடைசியிலிருந்து சில வருடங்கள் அங்கே இருந்தேன்.

புதுப் புத்தகக் கட்டு வரும் நாள்தான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த நாள். புதுப் புத்தகத்தை வெடுக்கென்று விரிக்கக் கூடாது, முதுகு உடைந்துவிடும். முன்னிருந்து சில தாள், பின்னிருந்து சில தாள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். பிறகு முத்திரை. முகப்புப் பக்கத்தில் முத்திரை குத்தி அதன் கீழே புத்தகத்தின் வரிசை எண்ணை எழுதுவோம். கடைசிப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. இவை ஊருக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு ரகசியப் பக்கம் என்று பெயர். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தை முடிவு செய்து எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் ஓரமாகச் சின்ன முத்திரை குத்துவோம். திருடுகிறவன் முகப்பைக் கிழிப்பான், கடைசிப் பக்கத்தைக் கிழிப்பான், இந்தப் பக்கம் அவன் கண்ணில் படாது. அந்தப் பக்கம் எது என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. என் பெண்டாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் முத்திரை மட்டும்தான், எண் எழுதுவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். வழக்கமில்லை என்றார்கள்.

புத்தகம் கிழிந்து, எலி கடித்து, பூச்சி அரித்துப்போனால் அதைக் கழிவில் சேர்ப்போம். அதற்குக் கண்காணிப்பாளர் நேரில் வர வேண்டும். அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் கைக்குட்டை. உள்ளே வந்ததும் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். நான்கு மூலையும் இழுத்துவிட்டு நாற்காலியில் விரிப்பார். அதன்மேல்தான் உட்காருவார். புத்தகத்தைக் கையால் தொடமாட்டார், பென்சில் முனையால் அட்டையைத் தூக்குவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இவர் கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, "சரிதானே தம்பி?" என்று என்னிடம் ஒப்புதலும் வாங்கிக்கொள்வார்.

கழித்த புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் சிவப்பு மையில் 'கழிவு' என்று குத்தி மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவோம். ஒருமுறை நான் சொன்னேன்: "சார், அவங்க அட்டையைத் தனியாக் கிழிச்சு எடுத்துக்கிறாங்க. முகப்புப் பக்கமும் அட்டையோடயே போயிடுது. ரகசியப் பக்கத்துலயும் ஒரு கழிவு முத்திரை குத்திடலாம் சார்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ரகசியப் பக்கம் எதுன்னு பேப்பர்காரனுக்குப் பாடம் எடுக்கணும்னு சொல்றியா? கூடாது. சரிதானே தம்பி?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இனி எஸ்தரைப் பற்றி. ஊருக்கு வெளியே காலனியில் இருந்தாள். அம்மா நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். அப்பா இல்லை. எஸ்தர் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு அம்மாவோடு கழனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலனியில் புதிதாகப் பால்வாடி திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, அந்த ஆசிரியை வேலைக்கு எழுதிப்போட்டாள். காலனியில் பள்ளிப் படிப்பு முடித்த பெண் அவள் ஒருத்திதான். அந்த வேலை கிடைத்தால் இரண்டு பேரும் சேற்றிலிருந்து கரை ஏறிவிடலாம். நேர்காணலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் நூலகத்துக்கு வந்தாள்.

முதல் நாள் வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன். வந்தாள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். நான் என் ஸ்டூலை எடுத்து அவளுக்குப் போட்டேன். அன்று முழுக்க நான் நின்றேன், அதனால் என் கால் ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உட்கார்ந்து படிக்க யாருக்கும் தடை இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினராக வேண்டும். அதற்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டு வரி கட்டுகிறவராகவோ அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். நூலக ஊழியர் போடக் கூடாது. காலனியில் இருந்தது புறம்போக்கில் கட்டிய குடிசைகள், வரி எங்கே கட்டுவார்கள்? பள்ளித் தலைமையாசிரியர் அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் வா என்றார். தபால்காரர் தன் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ஊரில் தலைவர் என்று ஒருவர் உண்டு. பதவி போய் வருடங்கள் ஆகியும் அவர்தான் தலைவர். அவர் வீட்டுக்கும் போனாள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கச் சொல்லி, மாலை வரை நிற்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"சார், எனக்கு நானே ஜாமீன் போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"சட்டத்துல இடம் இல்லையே" என்றேன்.

"பொஸ்தகத்த எட்த்துகினு நான் எங்க சார் ஓடிப்பூடப் போறேன்? பஸ்ஸுக்குக்கூட துட்டு இல்ல" என்று சிரித்தாள்.

அதே தலைவர் வீட்டுக்கு எங்கள் புத்தகங்கள் எப்படிப் போயின என்பதையும் எழுதிவிடுகிறேன். கையெழுத்தும் கிடையாது, ஜாமீனும் கிடையாது. ஆள் வந்து "சின்னம்மா படிக்கக் கேக்குறாங்க" என்று பொறுக்கிக்கொண்டு போவான். லேசில் திரும்பி வராது. கேட்கப் போனால் மோர் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளை வளர்ப்பு பற்றி எங்களிடம் ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தது. நல்ல பிரதி தலைவரின் மருமகள் உண்டானபோது அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை ஓடியாடும் வயது வந்த பிறகும் புத்தகம் வரவில்லை. மற்ற பிரதியை எலி கடித்துக் கழிவு மூட்டையில் போட்டோம். ஆக, எஸ்தருக்கு எந்தப் புத்தகம் வேண்டுமோ அது நூலகத்தில் இல்லை. நல்ல பிரதி ஒன்று வெளியே இருக்கிறது, வந்தால் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பேப்பரில் வரும் குழந்தை நலக் கட்டுரைகளைப் படித்தாள். சத்துணவு பற்றி ஒரு மெல்லிய நூல் இருந்தது, அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் போனதும் அதில் அடையாளத்துக்கு ஒரு வைக்கோல் இருக்கும். அதை நான் எடுக்கமாட்டேன்.

நேர்காணல் நெருங்கிய சமயம் வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு வந்தது. கைக்குட்டை வந்து கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பெயர் படித்தேன், அவர் குறித்துக்கொண்டார். தலைவர் வீட்டுக்குப் போன மற்றவற்றைக் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன்; எல்லாம் முடிந்து கடைசியில், முன்பு 'இரவல்' என்று எழுதித் தள்ளிப்போட்ட பிள்ளை வளர்ப்புப் புத்தகம் மட்டும் குறைந்தது.

"தலைவர் வீட்டுல இருக்கு சார்" என்றேன்.

"அங்க போய் நான் கேக்கணுமா? கேக்க முடியாது. வேற வழி பாப்போம். சரிதானே தம்பி?" என்றார்.

வேறு வழி தானாகவே வாசலில் வந்து நின்றது. எஸ்தர்தான். முகமெல்லாம் சிரிப்பு. கையில் அட்டையில்லாத ஒரு புத்தகம். அதிகாரி உட்கார்ந்திருப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"சார், நா தேடிகினு இருந்த பொஸ்தகம் கெட்ச்சிபோச்சு சார்! பின்னால கொஞ்சம் பக்கம் இல்ல. உங்ககிட்ட இன்னொண்ணு இருந்துதுன்னீங்களே, அது வந்துதுன்னா இங்கியே குந்தி அந்தப் பக்கத்த மட்டும் எழுதிக்கிறேன் சார்."

நூலகத்துக்கு உள்ளே வருகிறவர்களின் கையைப் பார்ப்பது எங்கள் வழக்கமே இல்லை. வெளியே போகிற கையைத்தான் பார்ப்போம். திருடிய புத்தகத்தை எந்தத் திருடனாவது நூலகருக்கே கொண்டுவந்து காட்டுவானா? கைக்குட்டை கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். எண்ணித் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் நேராக ரகசியப் பக்கத்துக்குப் போனார். அன்றைக்கு மட்டும் பென்சிலை விட்டுவிட்டு விரலால் புரட்டினார். ஓரத்தில் எங்கள் சின்ன முத்திரை.

"இது நம்ம புத்தகம்" என்றார்.

"இல்ல ஐயா, என்துதான். மளிகைக் கடையில குட்தாங்க. மொளகா மூட்ட பிரிச்சி காம்பு கிள்ளிக் குட்தேன், கூலிக்குப் பதுலா இத்தக் கேட்டு வாங்கிகினேன். பொட்டலம் மடிக்க வச்சிருந்தாங்க ஐயா."

"அப்போ முத்திரை எப்படி வந்தது?"

"இன்னா முத்திர?" என்று எட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

நான் குறுக்கிட்டேன். "சார், இது கழிவு மூட்டையில போன பிரதி. எலி கடிச்ச ஓரம் பாருங்க. நான்தான் மூட்டையில போட்டேன். மோந்து பாருங்க சார், மிளகாய் நெடி அடிக்குது."

முகர்ந்து பார்த்தார். தும்மினார். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை வேண்டும், அது அவருக்குக் கீழே இருந்தது. எழுந்து எடுத்துத் துடைத்து, மறுபடி விரித்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் நான் சிரித்திருக்கலாம், வேறொரு நாளாக இருந்திருந்தால்.

"திருடின பொருளை மிளகாய்ப் பானையில ஒளிச்சு வெச்சாலும் நெடி அடிக்கும். கழிச்ச புத்தகம்னா கழிவு முத்திரை எங்க?"

"முகப்புல குத்தினோம் சார். அட்டையோட போயிடுச்சு. அதுக்குத்தான் ரகசியப் பக்கத்துலயும் குத்தலாம்னு சொன்னேன்."

"நீ சொன்னே. நான் வேண்டாம்னேன். அதனால என் மேல தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணும். சரிதானே தம்பி?"

முதல் முறையாக நான், "சரிதான் சார், அப்படித்தான் எழுதணும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. மளிகைக் கடைக்காரரைக் கூட்டி வரச் சொன்னார்.

கடைக்காரர் வந்து அதிகாரியையும் முத்திரையையும் பார்த்தார். எஸ்தரைப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னா தெரியும் சார்? நான் பொட்டலம் மடிக்கிறவன். பேப்பர் எடை போட்டு வாங்குறேன், அதுல முத்திர கீதா மச்சம் கீதான்னு பாத்துகினா இருப்பேன்? இந்தப் பொண்ணுக்கு நான் எதுவும் குடுக்கல."

"அண்ணே, அன்னிக்கி உங்க கடவாசல்ல குந்திகினு காம்பு கிள்ளல நானு? கண்ணு எரியுதுன்னதுக்கு நீங்கதானே தண்ணி குட்தீங்க?"

"கிள்ளின. கூலிக்குக் கருவாடு வாங்கிகினு போன. இந்தப் பேஜாரெல்லாம் நமக்கு வேணாம் சார், கடையில ஆளில்ல" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அரசாங்க முத்திரை குத்திய தாளில் பொட்டலம் கட்டியதாக வழக்கு வரும் என்று அந்த மனிதருக்குப் பயம். பயத்தை என்னால் மன்னிக்க முடியும். கருவாட்டை மன்னிக்கவே முடியாது. நின்ற இடத்தில் யோசித்து அதையும் சேர்த்தாரே!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. என் சொல்லும் ஏறவில்லை. ரகசியப் பக்கத்தில் எண் இல்லாததால் அது எந்தப் பிரதி என்று காட்ட வழியில்லை; குறைந்த புத்தகம் கிடைத்துவிட்டதாகக் கைக்குட்டை எழுதினார். இருப்பு நேராகிவிட்டது. போலீசுக்குப் போகாததற்கு அந்தப் பெண் நன்றியோடு இருக்க வேண்டும் என்றார். உண்மையாகவே தன்னை இரக்கமுள்ளவராக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எஸ்தர் அழவில்லை. "என் பொஸ்தகத்தக் குடுங்க ஐயா" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பால்வாடி வேலைக்கு ஆள் எடுக்கும் முன் ஊரில் விசாரிப்பார்கள். விசாரிப்பது என்றால் தலைவர் வீட்டில் காப்பி குடிப்பது. "புத்தகம் திருடின பொண்ணு, நான் ஒண்ணும் சொல்லல, நூலகத்துல கேட்டுக்கங்க" என்று அவர் சொன்னாராம். அதைச் சொன்னபோது எங்கள் நூலகத்தின் நல்ல பிரதி அதே வீட்டு அலமாரியில் இருந்தது. வேலை வேறொரு ஊர்ப் பெண்ணுக்குப் போனது. நடந்ததை விவரித்து மேலிடத்துக்கு எழுதினேன். பதிலாக, வரம்பு மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாளும், மாற்றல் உத்தரவு ஒன்றும் வந்தன. ஊரை விட்டுப் புறப்படும் முன் காலனிக்குப் போனேன். எஸ்தரின் அம்மா வெளியே வந்து, அவள் நடவுக்குப் போயிருக்கிறாள் என்றார். குடிசைக்குள் அவள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

மீட்ட புத்தகத்தின் கதியையும் சொல்ல வேண்டும். அட்டையில்லாமல், கடைசிப் பக்கங்கள் இல்லாமல், எலி கடித்த அது யாருக்கு உதவும்? அடுத்த சரிபார்ப்பில் அதே கைக்குட்டை அதே புத்தகத்தைக் கழிவில் சேர்த்தார் என்று எனக்குப் பின்னால் வந்த நூலகர் சொன்னார்.

எண்பதுகளின் கடைசியில் உறவினர் கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் காஞ்சிபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் அதே புத்தகத்தின் புதிய பதிப்பைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். வாங்கினேன். கல்யாணம் முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். இப்போது காலனியில் சில ஓட்டு வீடுகள் இருந்தன. எஸ்தர் வீடு அதில் ஒன்று. கழனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார்" என்று உட்காரவைத்துச் சோடா வாங்கிவரச் சொன்னாள். கல்யாணமாகி ஒரு பெண் பிள்ளை இருந்தது, பள்ளிக்கூடம் போகிற வயது. பழைய விஷயம் எதையும் அவள் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது புத்தகத்தை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பில்லு கீதா சார்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் மகளின் புத்தகங்களை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த பாடப் புத்தகங்கள், இரண்டொன்று கடையில் வாங்கியவை. கடையில் வாங்கியதன் முதல் தாளில் பில்லை ஊசி நூலால் தைத்திருந்தாள். இலவசமாக வந்ததில் வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், ஒன்றுகூட விடாமல், மேல் ஓரத்தில் நீல மையில் மகளின் பெயர்.

"எந்தப் பக்கத்துல இன்னா இருக்குமோன்னு பயம் சார். எழுதிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். "நீங்க நல்ல எண்ணத்துலதான் குடுக்கறீங்க. தெரியும். பில்லு இருந்தா குட்த்துட்டுப் போங்க."

சட்டைப் பையில் தேடினேன். பஸ் டிக்கெட் இருந்தது, கல்யாண வீட்டுப் பாக்கு இருந்தது. பில்லை நான் காஞ்சிபுரத்திலேயே கசக்கிப் போட்டிருந்தேன். யாராவது என்னிடம் அதைக் கேட்பார்கள் என்று நான் எதற்கு நினைக்கப் போகிறேன்?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.